40-ஆம் நம்பர் நூலும் நான்கு கணினிகளும்

ராஜபாளையத்தில் எந்த நூற்பாலையின் தரம் பார்க்கும் அறைக்குப் போனாலும் ஒரு சின்ன ராட்டினம் இருக்கும். அதன் சுற்றளவு ஒன்றரை கஜம். கோனிலிருந்து நூல் நுனியை இழுத்து மாட்டி 80 சுற்று சுற்றினால் 120 கஜம் ஆகிறது. அதை ஒரு லீ என்பார்கள். அந்த லீயைக் கழற்றித் தராசில் போட்டால் 25 கிரெய்ன், அதாவது சுமார் 1.62 கிராம் வந்தால் அது 40-ஆம் நம்பர் நூல். எடை கூடினால் நூல் தடித்திருக்கிறது, குறைந்தால் மெலிந்திருக்கிறது. 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வருகின்றன என்பதுதான் இந்த நம்பர். பிரிட்டிஷ்காரன் பவுண்டையும் கஜத்தையும் கைவிட ஆரம்பித்து எவ்வளவோ காலமாகியும் நம்மூர் மில்கள் விடவில்லை.

இப்போது அந்த 40 என்ற எண் போகும் வழியைப் பாருங்கள். ஸ்பின்னிங் மெஷினில் பொருத்தியிருக்கும் கண்ட்ரோலரில் அது ஒரு செட்டிங். மில்லின் மொத்த நிர்வாகத்துக்கான ஈஆர்பி மென்பொருளில் அது ஒரு சரக்குக் குறியீட்டின் நடுவில் ஒளிந்திருக்கும் இரண்டு எழுத்து. கணக்குப் பிரிவின் டேலியில் ‘40எஸ் காட்டன் கோன்’ என்று யாரோ எப்போதோ தட்டச்சு செய்த பெயர். பில்களைப் பதியும் ஜிஎஸ்டி பதிவகத்துக்கு நம்பரைப் பற்றிக் கவலையே இல்லை. அதற்குப் பருத்தி நூலுக்கான எச்எஸ்என் என்ற வரிக் குறியீடும் கிலோவும் ரூபாயும் போதும். வெளிநாட்டில் வாங்குகிறவரோ டெக்ஸ் கணக்கில் கேட்பார். 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெக்ஸ். நம் 40-ஆம் நம்பர் அங்கே போனால் 14.76. நம்மிடம் எண் ஏற ஏற நூல் சன்னமாகும், அவர்களிடம் எண் ஏற ஏற நூல் தடிக்கும். நூல் ஒன்றுதான். அதைப் பற்றி நான்கைந்து கணினிகள் நான்கைந்து பாஷையில் பேசிக்கொண்டிருக்கின்றன.

இவற்றுக்கு நடுவே உட்கார்ந்து ஒன்றின் பேச்சை இன்னொன்றுக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருளைத்தான் நிறுவனச் செயலி ஒருங்கிணைப்பு மென்பொருள் என்று விற்கிறார்கள். பெயர் நீளம், விலையும் அப்படியே. பத்து வருஷம் முன்பு பெரிய கம்பெனிகளின் சர்வர் அறைக்கு வெளியே இந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி போடுகிறவரிடமும் இதை விற்க ஆள் வருகிறது. காரணம் தொழில்நுட்ப ஆசை ஒன்றும் இல்லை, சட்டம்தான். இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1-ஆம் தேதி 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. அடுத்த ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே ஆண்டு அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்ட் 1-இல் 5 கோடி என்று வரம்பு படிப்படியாக இறங்கியது. 5 கோடி என்பது நூல் வியாபாரத்தில் பெரிய தொகை அல்ல. நம் கணினி அரசாங்கத்தின் கணினியோடு பேசித்தான் பில் போட வேண்டும் என்ற நிலை இப்படி மூன்றே வருஷத்தில் நூற்பாலையிலிருந்து விசைத்தறிக் கொட்டகை வரை வந்து சேர்ந்தது.

ராஜபாளையத்துக்கு இதில் ஒரு பழைய உறவும் உண்டு. 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியவர் பி.ஏ.சி. ராமசாமி ராஜா. அவர் வழிவந்த ராம்கோ குழுமத்தில், ராம்கோ இண்டஸ்ட்ரீஸின் ஆராய்ச்சிப் பிரிவாக 1992-இல் ஒரு சாப்ட்வேர் முயற்சி ஆரம்பித்தது. 1997-இல் அது ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமானது. தலைமையகம் சென்னையில். அவர்கள் எழுதிய ‘மார்ஷல்’ ஒரு ஈஆர்பி. கொள்முதல், உற்பத்தி, சம்பளம், கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில், ஒரே தரவுத்தளத்தில் என்பதுதான் ஈஆர்பி தந்த வாக்குறுதி. எல்லாம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் ஒன்றையொன்று இணைக்க வேண்டிய வேலையே இருக்காது அல்லவா? 1990-களில் உலகமே அப்படித்தான் நம்பியது. ஆனால் மெஷின் செய்பவன் தன் சாப்ட்வேரோடு வந்தான், வங்கி தன்னுடையதோடு வந்தது, அரசு தன் போர்ட்டலோடு வந்தது. கணக்கு எழுதுகிறவரோ 1986-இல் பெங்களூரில் பிறந்த டேலியை விட்டு வரமாட்டேன் என்றார். அவர் பிடிவாதத்தில் நியாயம் இருந்தது.

இணைக்கிற வேலையும் கணினி வந்த பிறகு தோன்றியதல்ல. 1948-இல் சோவியத் ரஷ்யா பெர்லினுக்குப் போகும் தரைவழியை அடைத்தபோது, நிலக்கரியும் மாவும் விமானத்தில் போக ஆரம்பித்தன. ஒவ்வொரு சரக்கோடும் ஒவ்வொரு மாதிரியான பட்டியல் வந்தது. மொழி வேறு, வரிசை வேறு, எத்தனை பிரதி என்பதும் வேறு. எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவ சார்ஜண்ட், டெலக்ஸிலோ போனிலோ சொன்னாலும் புரியும்படி எல்லோருக்கும் பொதுவான ஒரு சரக்குப் பட்டியல் வடிவத்தை வகுத்தார். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று மின்னணு முறையில் ஆவணம் அனுப்பிக்கொள்ளும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. இன்று நாம் ஜிஎஸ்டி பதிவகத்துக்கு அனுப்பும் ஜேசான் கோப்பிலும் அதே யோசனைதான். இந்த இடத்தில் இந்த விவரம், இந்த வடிவில், எல்லோருக்கும் ஒரே மாதிரி.

நடுவில் ஒரு மென்பொருள் எதற்கு, நேரடியாக இணைத்தால் என்ன என்று கேட்கலாம். இரண்டு மென்பொருளை இணைக்க ஒரு பாதை போதும். ஆறு என்றால் 15 பாதை, பத்து என்றால் 45. போக ஒன்று வர ஒன்று என்று பார்த்தால் இரட்டிப்பு. அதனால் நடுவில் ஒரு மையம் வைக்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனித் தண்டவாளம் போடவில்லையே. விருதுநகர் ஜங்ஷன் போய் மாறிக்கொள்கிறோம். மென்பொருள் மையமும் அப்படித்தான், பத்து மென்பொருளுக்குப் பத்து பாதை போதும். விற்பனையாளரின் படக்காட்சியில் முதலில் வருவது இந்தப் படம்தான். சிலந்தி வலை போன்ற கோடுகள் மறைந்து அழகான ஒரு நட்சத்திரம் தோன்றும். படம் பொய்யில்லை. ஆனால் கஷ்டமான பகுதி கோடுகளில் இல்லை, கோட்டில் போகும் பொருளின் அர்த்தத்தில் இருக்கிறது. அதைப் படத்தில் காட்ட முடியாது.

எடையையே எடுத்துக்கொள்வோம். எடை என்றால் எடைதானே, அதில் என்ன அர்த்தக் குழப்பம்?

பஞ்சு காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். பருத்தி நூல் வியாபாரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஈர அளவு 8.5 சதவீதம். முழுக்க உலர்த்திய 100 கிலோ பருத்தியை 108.5 கிலோவாகக் கணக்கிட்டு விற்கலாம். நூற்பாலைக்குள் ஈரப்பதத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார்கள், நூலுக்குத் தனியாக நீராவி காட்டுவதும் உண்டு. அங்கே 50 கிலோ என்று நிறுத்துக் கட்டிய மூட்டையில் உலர்ந்த பருத்தி 46.08 கிலோதான், மற்றது ஈரம். சித்திரை வெயிலில் லாரியிலும் குடோனிலும் கிடந்து ஈரம் 6.5 சதவீதத்துக்கு இறங்கினால் அதே மூட்டை 49.08 கிலோ. யாரும் ஒரு இழைகூட எடுக்கவில்லை, 920 கிராம் காணாமல் போய்விட்டது. 200 மூட்டை லோடில் 184 கிலோ.

மில்லின் கணினி 10,000 கிலோ அனுப்பினேன் என்கிறது. வாங்கியவரின் எடைமேடைக் கணினி 9,816 கிலோ வந்தது என்கிறது. இரண்டு கணினியும் உண்மைதான் சொல்கின்றன. இங்கே ஒருங்கிணைப்பு மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? அனுப்பிய எடையை வந்த எடையின் மேல் எழுதிவிட்டால் உண்மையான திருட்டு நடந்தாலும் தெரியாது. இரண்டும் பொருந்தாததால் பில்லை நிறுத்திவைத்தால் கோடைகாலம் முழுக்க ஒரு பில்லும் நகராது. எத்தனை சதவீதம் வரை ஈரத்தின் கணக்கு, அதற்கு மேல் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை நூல் தெரிந்த மனிதர் ஒருவர் சொல்லித்தான் தீர வேண்டும். மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு ஐடி ஆட்களை மட்டும் கூப்பிடுகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

சத்திரப்பட்டிக்குப் போனால் இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. ராஜபாளையத்தை ஒட்டிய இந்த ஊரில் விசைத்தறிகள் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கின்றன. நெருக்கம் இல்லாமல் இழை விட்டு இழை நெய்த வெள்ளைத் துணி. அந்தக் காஸ் துணி ரோலாக இருக்கும்போது அதன் எச்எஸ்என் குறியீடு ஜவுளியில் வரும். அதையே வெட்டி, மடித்து, மருத்துவ உபயோகத்துக்கென்று சில்லறைப் பாக்கெட்டில் போட்டால் 3005, அதாவது மருந்து சார்ந்த பொருள். பஞ்சு அதே, நெசவு அதே. கத்தரிக்கோலும் கவரும் பட்டவுடன் அது வரிப்புத்தகத்தில் ஜவுளி அத்தியாயத்திலிருந்து 30-ஆம் அத்தியாயத்துக்குக் குடிபோய்விடுகிறது. உற்பத்தி மென்பொருளில் இது ‘பேக்கிங்’ என்ற சின்னப் படி. கணக்கு மென்பொருளில் வேறு சரக்கு, வேறு குறியீடு. எந்த நூல் லாட்டிலிருந்து எந்தத் துணி, எந்தத் துணியிலிருந்து எந்தப் பாக்கெட் என்ற தொடர்ச்சி இந்தக் குடிபெயர்ப்பில் அறுந்துபோகக் கூடாது. நாளைக்கு ஓர் ஆஸ்பத்திரி பாக்கெட்டின் பேட்ச் எண்ணைச் சொல்லிப் புகார் செய்தால், பின்னோக்கிப் போய்ச் சலவைத் தொட்டி வரை காட்ட வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெயர் இன்னொரு தலைவலி. ஸ்ரீவில்லிபுத்தூரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆளுக்கொரு விதம். ஒருவர் ஒற்றை டி போடுவார், ஒருவர் இரட்டை டி, இன்னொருவர் எச் சேர்ப்பார், சிலர் முன்னால் உள்ள ஸ்ரீயைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். தமிழில் எழுதினாலும் திருவில்லிபுத்தூர் உண்டு. ஒரே வாங்குபவர் ஒரே நிறுவனத்தின் மூன்று மென்பொருளில் மூன்று பார்ட்டியாக நிற்பதும், ஒருவரிடம் வர வேண்டிய பாக்கி மூன்றாக உடைந்து கிடப்பதும் இதனால்தான். ரயில்வேக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. ராஜபாளையம் ஆர்ஜேபிஎம், ஸ்ரீவில்லிபுத்தூர் எஸ்விபிஆர். எழுத்துக்கூட்டல் எப்படியிருந்தாலும் டிக்கெட் சரியான ஸ்டேஷனுக்குத்தான் வரும். அஞ்சல் துறை 1972-இலேயே பின்கோடு வைத்துவிட்டது, ராஜபாளையத்துக்கு 626117, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125. கணினிகளை இணைக்கும்போது பெயரை நம்பாமல் இப்படி ஒரு குறியீட்டைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வியாபாரத்தில் ஜிஎஸ்டி எண் கைகொடுக்கும். 15 இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து மற்ற 14-ஐயும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எழுத்து, ஓர் இடத்தைத் தப்பாக அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கிளை வைத்திருக்கும் ஒரே கம்பெனிக்கு இரண்டு ஜிஎஸ்டி எண். சரக்கு அனுப்ப அவை இரண்டும் வேறு வேறு பார்ட்டி, கடன் வரம்பு பார்க்கும்போது ஒரே பார்ட்டி. நடுவில் இருக்கும் பத்து இடத்தை மட்டும் உருவிப் பார்க்கத் தெரிந்த மென்பொருள்தான் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளும்.

இனி நான் இந்த விஷயத்தில் மிகவும் ரசிக்கும் பகுதிக்கு வருகிறேன்.

மாலை நாலு மணி, லாரி வாசலில் நிற்கிறது. மில்லின் கணினி பில்லைப் பதிவகத்துக்கு அனுப்பிவிட்டது. பதில் வரவில்லை, பிராட்பேண்ட் போய்விட்டது. இப்போது இரண்டில் ஒன்று நடந்திருக்கும். பில் அங்கே போய்ச் சேரவே இல்லை. அல்லது சேர்ந்து, பதிவாகி, பதில் திரும்பி வரும் வழியில் தொலைந்துவிட்டது. மில்லில் உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். மறுபடி அனுப்பலாமா? முதலாவதாக இருந்தால் அனுப்பியே ஆக வேண்டும். இரண்டாவதாக இருந்தால் இரட்டை பில் ஆகிவிடும்.

‘கிடைத்தது’ என்று ஒரு பதில், அந்தப் பதில் கிடைத்தது என்று இன்னொரு பதில் வைத்துக்கொண்டால் தீருமே என்று தோன்றும். தீராது. கடைசியாகப் போகும் தகவல் எதுவானாலும் அது போய்ச் சேர்ந்ததா என்பது அதை அனுப்பியவருக்குத் தெரியாது. அது தெரிய இன்னொரு தகவல் வேண்டும், உடனே அதுவே கடைசித் தகவலாகிவிடும். நம்ப முடியாத ஒரு பாதையில் எத்தனை கடிதம் பரிமாறினாலும் இரு தரப்பும் சேர்ந்து முழு நிச்சயத்துக்கு வரவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட கணித உண்மை. அக்கோயுன்லு, ஏகாநாதம், ஹ்யூபர் என்ற மூவர் 1975-இல் இதை எழுதினார்கள். 1978-இல் ஜிம் கிரே இதற்கு ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயர் வைத்தார். நடுவில் எதிரி இருக்கும் இரண்டு மலைகளில் நிற்கும் இரு தளபதிகள், தூதன் பிடிபடலாம் என்ற பயத்தோடு, எத்தனை மணிக்குத் தாக்குவது என்று ஒத்துக்கொள்ளப் பார்க்கும் கதை அது. எவ்வளவு காசு கொடுத்து எந்த மென்பொருள் வாங்கினாலும் இந்த முடிவை மாற்ற முடியாது. ‘ஒவ்வொரு தகவலும் ஒரே ஒரு முறை மட்டும் போய்ச் சேரும், உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். எப்படி என்பதற்கு அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

அந்தப் பதில் இருக்கிறது, எளிமையானது. நிச்சயம் கிடைக்காது என்று ஒப்புக்கொண்டு, பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவது. வாங்கும் பக்கத்தில், ஒரே தகவல் பத்து முறை வந்தாலும் ஒரு முறை வந்ததாகவே கொள்ளும்படி ஏற்பாடு செய்வது. இ-இன்வாய்ஸ் முறையை வடிவமைத்தவர்கள் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பில்லுக்கும் 64 எழுத்து கொண்ட ஒரு பதிவு எண் கிடைக்கிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இந்த நான்கையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கில் போட்டு அரைத்தால் வருவது அது. உள்ளே போகும் நான்கும் மாறாதவரை வெளியே வருவதும் மாறாது. ஒன்றில் ஓர் எழுத்து மாறினால் மொத்தமும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இந்தக் கணக்கு தரக்கூடிய விடைகளின் எண்ணிக்கை 78 இலக்கம். அதனால் இரண்டு பில்லுக்குத் தற்செயலாக ஒரே எண் விழும் என்ற பயம் வேண்டாம்.

ஆக, பிராட்பேண்ட் திரும்பி வந்ததும் அதே பில்லைக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பலாம். முதல் முறை பதிவாகியிருந்தால் இரண்டாவதும் அதே 64 எழுத்தில் போய் முட்டும், ‘இது ஏற்கெனவே இருக்கிறது’ என்று பதிவகம் சொல்லிவிடும். லாரி கிளம்பலாம். தொகை இந்தக் கணக்கில் சேராது என்பதைக் கவனியுங்கள். தொகையைத் திருத்தி அதே பில் எண்ணில் அனுப்பினாலும் அது இரட்டைப் பில்தான், ஏற்காது. தப்பாகப் போன பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் அந்த எண்ணை மறுபடி உபயோகிக்க முடியாது. நேரம் தாண்டினால் கிரெடிட் நோட்தான் வழி.

இதில் ஓர் ஓட்டையும் இருந்தது. எஸ்எச்ஏ-256 கணக்குக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரு மென்பொருள் பில் எண்ணைப் பெரிய எழுத்திலும் இன்னொன்று சிறிய எழுத்திலும் அனுப்பினால் ஒரே பில்லுக்கு இரண்டு பதிவு எண் கிடைத்துவிடும். 2025 ஜூன் 1 முதல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிய பிறகே கணக்கிடுவது என்று மாற்றினார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்பதே இல்லாத மொழிக்காரர்கள் நாம், பில் எண்ணைத் தமிழில் போட அனுமதித்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

அரசாங்கத்தின் பக்கம் இப்படிச் சரியாக இருக்கிறது. நம் பக்கம்? டேலி 9000 என்ற எண்ணுள்ள போர்ட்டில் காது வைத்துக்கொண்டிருக்கும், அதற்கு எக்ஸ்எம்எல் வடிவில் வவுச்சரை அனுப்பினால் எழுதிக்கொள்ளும். வவுச்சருக்கென்று மாறாத ஓர் அடையாளத்தைச் சேர்க்காமல் இரண்டு முறை அனுப்பினால் இரண்டு வவுச்சர் உட்கார்ந்துவிடும். மாதக் கடைசியில் பேங்க் கணக்கைப் பொருத்திப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. இரண்டு தளபதிகள் கதையை மலைமேல் தேட வேண்டாம், கணக்குப் பிள்ளையின் மேஜையிலேயே இருக்கிறது.

அதனால் மென்பொருள் விற்க வருகிறவரிடம் என்ன கேட்பது என்பது இப்போது சுலபம். நூறு கனெக்டர் இருக்கிறதா, ஏஐ இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். டெமோ நடந்துகொண்டிருக்கும்போது நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். “தம்பி, லைன் போயிருச்சு. இப்போ அந்த பில் எங்க இருக்கு, காட்டுங்க” என்று கேளுங்கள். நல்ல மென்பொருளில் அனுப்பாமல் காத்திருக்கும் தகவல்களின் வரிசை திரையில் தெரியும். கேபிளை மாட்டியதும் வரிசை தானே கரையும், இரண்டாவது பில் முளைக்காது. “சார், அதெல்லாம் பேக்கெண்ட்ல இருக்கும்” என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்தது, பழுதைப் படிக்கிறவர் யார் என்பது. நூற்பாலை மூன்று ஷிப்டும் ஓடும். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு தகவல் சிக்கினால் அங்கே இருப்பவர் கேட்டில் இருக்கும் எழுத்தர். ‘பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணில் கடைசி எழுத்து பொருந்தவில்லை’ என்று திரை சொன்னால் அவர் சரிசெய்துவிடுவார். அதையே நாற்பது வரி எர்ரர் மெசேஜாகக் கொட்டினால் சென்னைக்குப் போன் போட வேண்டும், லாரி விடிய விடிய நிற்கும். லாரி நிற்பதோடு முடியாது. சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லுக்கு ஆயுள் இருக்கிறது, சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்.

விலை விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். தகவலுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் மென்பொருளை மெஷின் பக்கம் கட்டாதீர்கள். பில் ஒரு நாளைக்குச் சில நூறு வரலாம். ஆனால் நூற்கும் மெஷின் வினாடிக்கு வினாடி பேசும். அதன் பேச்சு பல இடங்களில் மோட்பஸ் என்ற 1979-ஆம் வருஷத்து நெறிமுறையில் இருக்கும், அதைக் கேட்டு, கூட்டிச் சுருக்கி, ஷிப்டுக்கு ஒரு முறை மேலே அனுப்ப மில்லுக்குள்ளேயே ஒரு சின்னக் கணினி போதும். நோட்-ரெட் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்கிறார்கள். பெரிய வேலைக்கு அப்பாச்சி கேமல் இருக்கிறது, அதுவும் இலவசம், ஆனால் ஜாவா தெரிந்த ஆள் வேண்டும். கிளவுடில் மாத வாடகைக்கு வேண்டும் என்றால் ஸோஹோ ஃப்ளோ போன்றவை. தெற்கே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் அதே ஸோஹோ. எதை எடுத்தாலும், 40-ஆம் நம்பர் எப்படி 14.76 டெக்ஸ் ஆகிறது, காஸ் ரோல் எந்தப் படியில் 3005 ஆகிறது என்று நீங்கள் உட்கார்ந்து வகுத்த மாற்ற விதிகள் உங்கள் கையில் கோப்பாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து விற்பனையாளரை மாற்றும்போது, மென்பொருள் போனாலும் விதிகள் போகக் கூடாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் இந்த வரி இருக்காது, கேட்டு வாங்க வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் கதை வேறு. இங்கே பால்தான் தொழில். 2019-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பால் வியாபாரத்திலும் எடைக் குழப்பம் உண்டு. பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், 1,000 லிட்டர் பால் சுமார் 1,030 கிலோ. ஊற்றும் இடத்தில் லிட்டரிலும் டேங்கரில் ஏறும் இடத்தில் கிலோவிலும் எழுதினால், மாற்றிக் கணக்கிட மறந்த மென்பொருள் தினமும் மூன்று சதவீதப் பாலைக் காணோம் என்றோ கூடுதலாக வந்தது என்றோ சொல்லிக்கொண்டிருக்கும். காலையும் மாலையும் ஊற்றும் ஒவ்வொருவருக்கும் அளவு, கொழுப்பு, கொழுப்பில்லாத திடப்பொருள், ரூபாய் என்று நான்கு எண் வேண்டும். அது வங்கிக் கணக்கில் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும். பல நூறு பேர் பால் ஊற்றும் சங்கத்துக்கு ஒருங்கிணைப்பு மென்பொருள் காசுக்குத் தகுந்த வேலை செய்யும்.

ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறவருக்கு? அவரிடம் இருப்பது பில் போடும் மெஷின் ஒன்று, யுபிஐ ஒன்று, கணக்குக்கு டேலி. மூன்று மென்பொருள், மூன்று பாதை. சாயங்காலம் பில் மெஷினிலிருந்து அன்றைய விற்பனையை ஒரு எக்ஸெல் கோப்பாக எடுத்து, யுபிஐ வரவின் மொத்தத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒரே வவுச்சராக டேலியில் ஏற்றினால் முடிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே தெரியும், கல்லாவில் நின்றவரையே கேட்டுவிடலாம். அவரிடம் ஒருங்கிணைப்பு மென்பொருள் விற்க வருகிறவருக்குக் கால் கிலோ பால்கோவா கொடுத்து, அதற்கும் ஒரு பில் போட்டு அனுப்பலாம். ஆன்லைன் ஆர்டர், கூரியர், நான்கு கிளை என்று கடை வளர்ந்து, சாயங்கால எக்ஸெல் ராத்திரி எக்ஸெல் ஆகும்போது அவரே போன் செய்வார்.